சுழலும் தண்டும் கசியும் நீரும்

ஓட்டைப் படகில் யாரும் விரும்பி ஏறுவதில்லை. ஆயினும், இயந்திரத்தால் ஓடும் படகுகளில் பல ஒரு வகையில் ஓட்டைப் படகுகளே ஆகும். எஞ்சின் படகின் உள்ளே இருக்கிறது. நீரைத் தள்ளும் உந்துவிசிறி வெளியே, நீருக்கு அடியில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் தண்டு படகின் உடலைத் துளைத்துக்கொண்டுதான் வெளியேற வேண்டும். அந்தத் துளை நீர்மட்டத்திற்குக் கீழே அமைகிறது. தண்டோ நிமிடத்திற்குப் பல நூறு அல்லது பல ஆயிரம் முறை சுழல்கிறது.

அசையாத துளையை அடைப்பது எளிது; ஒரு மரக்கட்டையும் சிறிது தாரும் போதும். சுழலும் தண்டைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைப்பது எப்படி? இறுக்கி அடைத்தால் தண்டு சுழலாது. தளர்த்தி விட்டால் நீர் உள்ளே வரும். சிறியதாகத் தோன்றும் இந்தச் சிக்கலுக்கு விடை தேடிப் பொறியாளர்கள் பல தலைமுறைகள் உழைத்திருக்கிறார்கள். சணல், கொழுப்பு, பித்தளை, ஓர் அரிய மரம், இறுதியாக ரப்பர் எனப் பல பொருள்கள் இந்த வரலாற்றில் பங்கு பெறுகின்றன. இன்று விசைப்படகுகள் சிலவற்றின் பின்புறத்தில் காணப்படும் மடிப்பு மடிப்பான ரப்பர் துருத்தி, அந்த வரலாற்றில் ஒரு முக்கியக் கட்டமாகும். அது கிழிந்தால் ஏன் ஒட்டுப் போட முடியாது என்பதை அறிய, முதலில் பழைய முறையிலிருந்து தொடங்குவோம்.

சணலும் கொழுப்பும்

இங்கிலாந்தைச் சேர்ந்த சர் சாமுவேல் மோர்லண்ட் என்பவர் 1670-களில் நீரேற்றும் பம்பு ஒன்றை அமைத்தார். அதில் மேலும் கீழும் செல்லும் உலக்கை போன்ற தண்டைச் சுற்றி நீர் கசியாதிருக்க, தண்டு நுழையும் இடத்தில் ஒரு சிறு பெட்டியை வைத்து, அதற்குள் மென்மையான பொருளைத் திணித்து இறுக்கினார். 'அடைப்புப் பெட்டி' எனப்படும் அமைப்பின் தொடக்கம் இதுவே என்பர். அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஜேம்ஸ் வாட் தமது நீராவி எஞ்சினின் உருளையை மேற்புறமும் மூடியபோது, பிஸ்டன் தண்டு வெளிவரும் இடத்தில் இதே முறையைக் கையாண்டார். அவர் திணித்தது கொழுப்பில் தோய்த்த சணல் ஆகும்.

இந்த அமைப்பைக் காண நாம் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. கிணற்று மேட்டில் இருக்கும் பம்புசெட்டை உற்று நோக்குங்கள். மோட்டாரிலிருந்து வரும் தண்டு பம்பின் உள்ளே நுழையும் இடத்தில் இரண்டு போல்டுகளால் இறுக்கப்பட்ட ஒரு பகுதி இருக்கும். அதைக் 'கிளாண்டு' என்பார்கள். அதற்குள் எண்ணெய்ப் பசையுள்ள கயிறு வளையம் வளையமாகச் சுற்றப்பட்டிருக்கும். பம்பு ஓடும்போது அந்த இடத்தில் நீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருக்கும். புதிதாகப் பழகுபவர் அதைக் குறையென எண்ணிப் போல்டுகளை நன்றாக முறுக்கிவிடுவார். சற்று நேரத்தில் கயிறு சூடேறிக் கருகும். தண்டிலும் தேய்மானத் தடம் விழும். அனுபவமுள்ளவரோ, சொட்டு நிற்கும் வரை முறுக்காமல், சொட்டு குறையும் வரை மட்டுமே முறுக்குவார்.

காரணம் எளிது. சுழலும் உலோகத்திற்கும் அசையாத கயிற்றிற்கும் இடையே உராய்வு உண்டு. உராய்வு வெப்பத்தைத் தருகிறது. கசியும் அந்தச் சிறிதளவு நீரே உயவுப் பொருளாகவும், வெப்பத்தை எடுத்துச் செல்லும் குளிர்விப்பானாகவும் பணியாற்றுகிறது. ஆகவே, அடைப்புப் பெட்டி என்பது கசிவை முற்றிலும் நிறுத்தும் கருவியன்று. கசிவை அளவோடு வைத்திருக்கும் கருவியாகும்.

கப்பலின் பின்புறத்தில் ஒரு துளை

தொடக்ககால நீராவிக் கப்பல்களில் இந்தச் சிக்கல் பெரிதாக எழவில்லை. அவை பக்கவாட்டில் பெரிய துடுப்புச் சக்கரங்களைக் கொண்டிருந்தன. சக்கரங்களின் அச்சு நீர்மட்டத்திற்கு மேலே இருந்தது. எனவே, அச்சு வெளிவரும் துளை வழியாகக் கடல் உள்ளே புகும் அச்சம் குறைவு.

1836-இல் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரும், ஜான் எரிக்சன் என்ற சுவீடன் நாட்டுப் பொறியாளரும் சில வாரங்கள் இடைவெளியில் திருகு வடிவ உந்துவிசிறிக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றனர். ஸ்மித்தின் முயற்சியால் 'ஆர்க்கிமிடிஸ்' என்ற கப்பல் 1838-இல் நீரில் இறக்கப்பட்டது. அதைக் கண்டு ஆராய்ந்த புரூனல், தாம் கட்டிக்கொண்டிருந்த 'கிரேட் பிரிட்டன்' என்ற பெரும் இரும்புக் கப்பலின் துடுப்புச் சக்கரத் திட்டத்தைக் கைவிட்டு உந்துவிசிறிக்கு மாறினார். அக்கப்பல் 1843-இல் நீரில் இறங்கியது. 1845-இல் பிரிட்டிஷ் கடற்படை, உந்துவிசிறி கொண்ட 'ராட்லர்' கப்பலையும் துடுப்புச் சக்கரம் கொண்ட 'அலெக்டோ' கப்பலையும் பின்புறமாகக் கயிற்றால் பிணைத்து, எதிரெதிர்த் திசையில் இழுக்க வைத்தது. ராட்லர் வென்றது, அலெக்டோவைப் பின்னோக்கி இழுத்துச் சென்றது.

உந்துவிசிறியின் வெற்றியோடு புதிய தொல்லையும் வந்து சேர்ந்தது. தண்டு இப்போது கப்பலின் பின்புறத்தில், ஆழமான நீருக்குள், வெளியே செல்லவேண்டியதாயிற்று. அந்தத் தண்டைத் தாங்கும் பித்தளைத் தாங்கிகள் கடல் நீரில் விரைவாகத் தேய்ந்தன. தாங்கி தேய்ந்தால் தண்டு நடுவிலிருந்து விலகி ஆடும். ஆடும் தண்டு அடைப்புப் பெட்டியின் திணிப்பை ஒரு பக்கம் நசுக்கி, மறுபக்கம் இடைவெளி உண்டாக்கும். பிறகு சொட்டு, ஒழுக்காக மாறும், ஒழுக்கு, வெள்ளமாகும்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. கிரிமியப் போரில் பங்கு கொண்ட 'ராயல் ஆல்பர்ட்' என்ற பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் 1855-ஆம் ஆண்டின் இறுதியில் ஏஜியன் கடலில் சென்றபோது, அதன் உந்துவிசிறித் தண்டின் வழியில் நீர் பெருமளவில் உட்புகத் தொடங்கியது. கப்பல் தலைவரான வில்லியம் மெண்ட்ஸ், கிரேக்கத் தீவுகளுள் ஒன்றான சியாவின் கரையில் கப்பலைத் தரைதட்டச் செய்து அதைக் காப்பாற்றினார். பகைவரின் பீரங்கிகளுக்குத் தப்பிய கப்பலைத் தன் சொந்தத் தண்டின் இடைவெளியே மூழ்கடிக்க இருந்தது!

மரம் தந்த விடை

இதற்குத் தீர்வு கண்டவர் லண்டனுக்கு அருகில் கிரீனிச்சில் கப்பல் எஞ்சின்கள் செய்துவந்த ஜான் பென் என்பவர். அவர் ஸ்மித்துடன் சேர்ந்து பல பொருள்களைச் சோதித்தார். 1854-இல் தம் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் தேர்ந்தெடுத்தது உலோகத்தை அன்று, ஒரு மரத்தை! கரிபியன் தீவுகளிலும் தென் அமெரிக்காவின் வட பகுதியிலும் வளரும் 'லிக்னம் வைட்டே' என்ற அந்த மரத்தின் பெயருக்கு 'உயிர்மரம்' என்பது பொருள். அது நீரைவிட அடர்த்தி மிக்கது. நீரில் போட்டால் மூழ்கிவிடும். அதன் இழைகளுக்குள் பிசின் போன்ற எண்ணெய்ப் பொருள் நிறைந்திருப்பதால் தனக்குத்தானே வழவழப்பைத் தந்துகொள்கிறது.

பென், இந்த மரத்தின் பட்டைகளைத் தாங்கியின் உட்புறத்தில் நீளவாக்கில் பதித்தார். பட்டைகளுக்கு இடையே கடல் நீர் ஓடுவதற்கு வழி விட்டார். இதில் உள்ள கருத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். அதுவரை நீரைத் தாங்கிக்குள் வரவிடாமல் தடுக்க முயன்றார்கள். பென்னோ நீரையே தாங்கிக்கு உயவுப் பொருளாக அமர்த்திக்கொண்டார். பகைவனை வேலைக்கு வைத்துக்கொண்டது போன்ற செயல் அது. மரம் மிக மெதுவாகவே தேய்ந்ததால் தண்டு நடுவிலேயே நின்றது. தண்டு நடுவில் நின்றதால் உட்புற அடைப்புப் பெட்டியும் ஒழுங்காகப் பணி செய்தது. அடுத்த ஒரு நூற்றாண்டு காலம் உலகக் கப்பல்களின் பின்புறங்களை இந்த மரம் தாங்கி நின்றது.

இவ்வாறு கப்பல்களுக்கு ஒரு விடை கிடைத்தது. ஆனால் அது 'அளவோடு கசியும்' விடையே. கப்பலில் எப்போதும் ஆட்கள் இருந்தார்கள். சேரும் நீரை இறைக்கப் பம்புகள் இருந்தன. எனவே அது போதுமானதாக இருந்தது. உராய்வே இல்லாத, ஒரு சொட்டும் கசியாத அடைப்பு வேண்டுமானால், வளைந்து கொடுக்கும் ஒரு பொருள் தேவைப்பட்டது.

ரப்பர் பக்குவமானது

ரப்பர் நீரை உட்புக விடாது என்பதை ஐரோப்பியர் முன்பே அறிந்திருந்தனர். 1823-இல் சார்லஸ் மக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு இடையே ரப்பரைப் பூசி மழைக்கோட்டுத் துணி செய்தார். ஆனால் அன்றைய ரப்பர் கோடையில் பிசுபிசுத்தது. குளிரில் பலகைபோல் விறைத்தது. 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், கந்தகம் கலந்த ரப்பரைச் சூடாக்கினால் இந்தக் குறைகள் நீங்குவதைக் கண்டறிந்தார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக்கும் இதே முறையை வகுத்தார். 1844-இல் குட்இயர் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். நம் ஊர் டயர் கடைகளின் பெயர்ப்பலகையில் காணும் 'வல்கனைசிங்' என்ற சொல் இந்த முறையைக் குறிப்பதே ஆகும்.

ரப்பரின் மூலக்கூறுகள் மிக நீண்ட சங்கிலிகள். பச்சை ரப்பரில் அவை ஒன்றன் மேல் ஒன்று வழுக்கிச் செல்லக்கூடியவை. சூடாக்கும்போது கந்தக அணுக்கள் சங்கிலிகளுக்கு இடையே அங்கங்கே பாலம் போடுகின்றன. பிறகு இழுத்தால் சங்கிலிகள் நீளும். விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். வழுக்கி விலகிப் போக முடியாது.

ஹென்றி விக்காம் 1876-இல் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனில் உள்ள கியூ தோட்டத்திற்குக் கொண்டுவந்தார். இருபதில் ஒன்றுகூட முளைக்கவில்லை. முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. அதன்பின் இலங்கையிலும் மலாயாவிலும் பரவிய ரப்பர்த் தோட்டங்களில் அதிகாலையில் மரம் சீவிப் பால் எடுத்தவர்களுள் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களும் இருந்தனர் என்பதை இங்கு நினைவில் கொள்ளுதல் தகும். உலகின் இயந்திரங்களுக்கு ரப்பர் தட்டுப்பாடின்றிக் கிடைத்ததில் அவர்கள் உழைப்பு கலந்திருக்கிறது.

எஞ்சின் உள்ளே, கால் வெளியே

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிறு விசைப்படகுகள் இரண்டு வகையாக இருந்தன. ஒன்று, எஞ்சினைப் படகின் நடுவில் வைத்து, நீண்ட தண்டை அடியில் துளைத்து வெளியே விடுவது. மற்றொன்று, எஞ்சின் முழுவதையும் படகின் பின்பலகைக்கு வெளியே தொங்கவிடுவது. முதல் வகையில் சக்தி வாய்ந்த எஞ்சினை வைக்கலாம். ஆனால் ஆழமில்லாத இடத்தில் உந்துவிசிறி தரையில் மோதும். இரண்டாம் வகையில் எஞ்சினைத் தூக்கிக்கொள்ளலாம், திருப்பிப் படகைச் செலுத்தலாம். ஆனால் அக்காலத்தில் அதன் ஆற்றல் குறைவு, எரிபொருட் செலவு அதிகம்.

இரண்டின் நன்மைகளையும் சேர்க்க முயன்றவர்களுள் அமெரிக்கப் பொறியாளர் ஜிம் வின் குறிப்பிடத்தக்கவர். அவருடைய கருத்தைச் சுவீடனின் வோல்வோ பென்டா நிறுவனம் ஏற்று உருவாக்கி, 1959-இல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் 'அக்வாமேட்டிக்' என்ற பெயரில் வெளியிட்டது. காரின் எஞ்சினிலிருந்து உருவான 80 குதிரைத்திறன் எஞ்சின் படகின் உள்ளே, பின்பலகையை ஒட்டி இருந்தது. பல்சக்கரங்களும் உந்துவிசிறியும் கொண்ட கால் போன்ற பகுதி பின்பலகைக்கு வெளியே தொங்கியது. அந்தக் கால் இடமும் வலமும் திரும்பும். தேவையானால் மேலே தூக்கிக்கொள்ளும். 1961-இல் அமெரிக்காவின் மெர்க்குரி நிறுவனமும் 'மெர்க்ரூசர்' என்ற பெயரில் இவ்வகை அமைப்பை வெளியிட்டது. இதுவே 'ஸ்டெர்ன் டிரைவ்' எனப்படுகிறது.

இங்கே பழைய சிக்கல் புதிய உருவில் திரும்பி வந்தது. முன்பு தண்டு சுழல மட்டுமே செய்தது. இப்போது சுழலும் தண்டு வளையவும் வேண்டும். வளைந்த நிலையில் சுழற்சியைக் கடத்த, ராபர்ட் ஹூக் 1676-இல் விவரித்த இணைப்பு உதவியது. லாரிகளின் அடியில் நீண்ட தண்டின் முனைகளில் காணப்படும் சிலுவை வடிவ இணைப்பு அதுவே. பட்டறைகளில் 'யுனிவர்சல் ஜாயின்ட்' என்பார்கள். ஒற்றை இணைப்பு வளைந்து சுழலும்போது வெளிவரும் வேகம் சீராக இருப்பதில்லை. 30 பாகை வளைவில், ஒவ்வொரு சுற்றிலும் அது 0.87 மடங்கிற்கும் 1.15 மடங்கிற்கும் இடையே ஏறி இறங்கும். இரண்டு இணைப்புகளை அடுத்தடுத்துத் தக்கவாறு அமைத்தால் ஒன்றின் ஏற்றத்தாழ்வை மற்றொன்று சரிக்கட்டிவிடும். ஸ்டெர்ன் டிரைவில் இவ்வாறுதான் செய்யப்படுகிறது.

இந்த இணைப்புகள் பின்பலகைக்கு வெளியே, நீர்மட்டத்திற்குக் கீழே உள்ளன. எஃகினால் ஆன அவற்றை உப்பு நீர் தொடக்கூடாது. அவற்றின் வழியாக நீர் படகினுள் செல்லவும் கூடாது. ஆடி அசையும் இந்த இடத்திற்கு அடைப்புப் பெட்டி பயன்படாது. அங்கேதான் ரப்பர் துருத்தி வந்தது.

மடிப்பின் பயன்

கொல்லன் உலையில் காற்று ஊதும் துருத்தியையும், ஆர்மோனியத்தின் பின்புற மடிப்புகளையும் அறிவோம். படகின் துருத்தியும் அத்தகைய மடிப்புகள் கொண்ட ஒரு குழாயே. அதன் ஒரு முனை பின்பலகையில் பொருத்தப்பட்ட பகுதியிலும், மறுமுனை வெளியே உள்ள காலிலும், எஃகுப் பட்டைகளால் இறுக்கப்பட்டிருக்கும். தண்டும் இணைப்புகளும் துருத்தியின் உள்ளே, உலர்ந்த காற்றில் சுழல்கின்றன. துருத்தி சுழல்வதில்லை, கால் திரும்பும்போதும் உயரும்போதும் வளைய மட்டுமே செய்கிறது.

மடிப்பு எதற்கு? ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். 10 செ.மீ. விட்டமும் 12 செ.மீ. நீளமும் உள்ள குழாய் ஒன்றை 30 பாகை வளைப்பதாகக் கொள்வோம். வளைவின் வெளிப்பக்கம் ஏறத்தாழ 2.6 செ.மீ. நீள வேண்டும், உட்பக்கம் அதே அளவு குறுக வேண்டும். மடிப்பில்லாத குழாயானால் வெளிப்பக்க ரப்பர் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழுபடும். உட்பக்கம் நசுங்கிச் சுருங்கும். மடிப்புகள் இருந்தாலோ வெளிப்பக்க மடிப்புகள் விரிகின்றன; உட்பக்க மடிப்புகள் நெருங்குகின்றன. ரப்பர் அதிகம் இழுபடுவதில்லை. மடிப்பின் முகட்டிலும் பள்ளத்திலும் சிறிது வளைகிறது, அவ்வளவே.

இவ்வாறு, ஒன்றன் மேல் ஒன்று உராயாமலே இரண்டு பகுதிகள் தம்முள் அசைய முடிகிறது. உராய்வில்லை, ஆகவே வெப்பமில்லை, உயவுக்காக நீரைக் கசிய விடவும் தேவையில்லை. மோர்லண்ட் காலம் முதல் இருந்துவந்த 'சிறிது கசிந்தே ஆகவேண்டும்' என்ற கட்டுப்பாடு இங்கு நீங்கிவிட்டது. 1959-இல் வெளிவந்த 'மினி' என்ற பிரிட்டிஷ் காரிலும், 1983 முதல் நம் நாட்டுச் சாலைகளில் ஓடிய மாருதி 800 காரிலும், முன்சக்கரங்களுக்குச் செல்லும் தண்டின் இணைப்புகளை இத்தகைய ரப்பர் உறைகளே காத்தன. கார் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறி இணைப்பு கெடும். படகின் உறை கிழிந்தால் படகே மூழ்கக்கூடும்.

ரப்பரின் முதுமை

துருத்தியில் சிக்கல் தீர்ந்துவிட்டதா? இல்லை, இடம் மாறியது. அடைப்புப் பெட்டியில் தேய்மானம் கயிற்றில் இருந்தது. துருத்தியிலோ அது ரப்பரின் மூலக்கூறுகளுக்குள் நிகழ்கிறது.

ரப்பரின் முதல் பகை ஓசோன். நாம் மூச்சுவிடும் காற்றில் 10 கோடியில் சில பங்கு மட்டுமே ஓசோன் உண்டு. ஆயினும் இயற்கை ரப்பரின் சங்கிலிகளில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை அது வெட்டிவிடுகிறது. தளர்வாக இருக்கும் ரப்பரில் மேற்பரப்போடு இந்தச் சேதம் நின்றுவிடும். இழுபட்டு நிற்கும் ரப்பரிலோ, இழுவைக்குக் குறுக்காகச் சிறு வெடிப்புகள் தோன்றி ஆழமாகச் செல்லும். பழைய சைக்கிள் டயரின் பக்கவாட்டில் காணும் வெடிப்புகள் இவ்வகையைச் சேர்ந்தவை. ஸ்டெர்ன் டிரைவின் காலைத் தூக்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால், துருத்தியின் ஒரு பக்கம் இடைவிடாமல் இழுபட்டு நிற்கிறது. காலை இறக்கி வைப்பதே துருத்திக்கு நல்லது என்று சொல்வதன் காரணம் இதுதான்.

1930-இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில், வாலஸ் கரோதர்ஸின் குழுவினர் குளோரோப்ரீன் என்ற பொருளிலிருந்து ஒரு செயற்கை ரப்பரை உருவாக்கினர். அதுவே பின்னர் 'நியோப்ரீன்' எனப் பெயர் பெற்றது. அதன் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பை ஒட்டி ஒரு குளோரின் அணு இருக்கிறது. அதனால் ஓசோன் அதை எளிதில் தாக்க முடிவதில்லை. எண்ணெயையும் அது இயற்கை ரப்பரைவிட நன்கு தாங்குகிறது. இத்தகைய செயற்கை ரப்பர்கள் துருத்திகளின் ஆயுளை நீட்டின. ஆனால் முடிவில்லாத ஆயுளைத் தரவில்லை.

இரண்டாவது பகை வெடிப்பின் கூர்முனை. ரிவ்லின், தாமஸ் என்ற இரு அறிஞர்கள் 1953-இல் ரப்பர் கிழிவதை ஆற்றல் அடிப்படையில் விளக்கினர். ரப்பரை இழுக்கும்போது அதில் மீள்திறன் ஆற்றல் சேமிக்கப்படுகிறது. கிழிசல் சிறிது முன்னேறினால் அந்த ஆற்றலில் ஒரு பகுதி விடுபடுகிறது. விடுபடும் ஆற்றல், புதிய பரப்பை உண்டாக்கத் தேவையான அளவை எட்டினால் கிழிசல் நீளும். கிழிசல் எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆற்றல் விடுபடும். எனவே சிறு வெடிப்பு ஒவ்வொரு வளைவிலும் நூலளவாக வளர்ந்து, பின்னொரு நாள் திடீரென நீளக் கிழிந்துவிடுகிறது. துணியில் ஓரத்தைக் கடித்துவிட்டால் மீதி எளிதாகக் கிழிவதும் இதே முறையில்தான். மடிப்புகளுக்குள் ஒட்டி வளரும் கூர்மையான ஓடுடைய கடலுயிரிகள் அந்த முதற்கடியைத் தந்துவிடுவதும் உண்டு.

ஒட்டுப் போடலாமா?

சைக்கிள் டியூபில் முள் குத்தினால் ஒட்டுப் போட்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறோமே, துருத்திக்கு மட்டும் ஏன் கூடாது என்று மாணவர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி.

டியூபின் உள்ளே இருக்கும் காற்றழுத்தம், ஒட்டுப் போட்ட இடத்தை டயரின் மீது அழுத்திக்கொண்டே இருக்கிறது. ஒட்டு, இரண்டு பரப்புகளுக்கு இடையே நெருக்கப்பட்டு நிற்கிறது. துருத்தியில் நிலைமை வேறு. உள்ளே சாதாரணக் காற்றழுத்தம். வெளியே அதைவிடச் சிறிது அதிகமான நீரழுத்தம். ஒட்டைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. மேலும், கிழிசல் பெரும்பாலும் மடிப்பின் முகட்டிலோ பள்ளத்திலோ ஏற்படுகிறது. அதாவது, மிக அதிகமாக வளையும் இடத்தில்! அங்கே தடிப்பான பசையைப் பூசினால் அந்த இடம் விறைத்துவிடும்; வளைவு முழுவதும் ஒட்டின் ஓரத்தில் வந்து குவியும். பழைய கிழிசலுக்குப் பக்கத்திலேயே புதிய கிழிசல் தோன்றும். நெடுநாள் நீரிலும் கிரீஸிலும் ஊறிய பழைய ரப்பரில் பசை நன்றாகப் பற்றுவதும் இல்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, ஓரிடத்தில் வெடித்த துருத்தியின் மற்ற மடிப்புகளும் அதே வயதினவே.

ஆகவே, முறையான பழுதுபார்ப்பு ஒன்றே: படகை நீரிலிருந்து வெளியேற்றி, காலைக் கழற்றி, துருத்தியை மாற்றுவது. அப்போது புதிய ரப்பரின் முனை பொருந்தும் உலோகப் பரப்பைத் துரு இல்லாமல் சுத்தம் செய்து, பட்டையைச் சரியாக இறுக்க வேண்டும். உள்ளே தண்டைத் தாங்கும் பந்துத் தாங்கியையும் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். நீர் புகுந்திருந்தால் அது கரகரக்கும். உண்மையில் துருத்தி கசிவதன் முதல் அறிகுறி, படகினுள் நீர் சேர்வதாக இல்லாமல், இந்தத் தாங்கியின் இரைச்சலாக இருப்பதும் உண்டு.

மூன்று நாள் கணக்கு

ஒரு சிறு கிழிசல் எவ்வளவு தீங்கு செய்யும்? பௌதிகப் பாடத்தில் படிக்கும் டாரிசெல்லியின் விதியைக் கொண்டு கணக்கிடலாம். நீர்மட்டத்திற்கு 30 செ.மீ. கீழே, 5 செ.மீ. நீளமும் 2 மி.மீ. அகலமும் உள்ள கிழிசல் இருப்பதாகக் கொள்வோம். அதன் பரப்பு 1 சதுர செ.மீ. புவியீர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி, இருமடங்காக்கி, வர்க்கமூலம் கண்டால் நீர் புகும் வேகம் கிடைக்கும்: வினாடிக்கு ஏறத்தாழ 2.4 மீட்டர். துளையின் ஓரத்தில் நீரோட்டம் சுருங்குவதைக் கருதி 0.6 ஆல் பெருக்கினால், வினாடிக்கு 0.145 லிட்டர், அதாவது, மணிக்கு ஏறத்தாழ 520 லிட்டர். உள்ளே உள்ள தாங்கி இதைப் பெரிதும் தடுக்காது எனக் கொள்கிறோம்.

படகில் தானாக இயங்கும் சிறு மின்பம்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது மணிக்கு 1,500 லிட்டர் இறைக்கும்; 2.5 ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கும். அப்படியானால் அது மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடினால் போதும். சராசரி மின்னோட்டம் ஏறத்தாழ 0.87 ஆம்பியர். பாட்டரியின் கொள்ளளவு 60 ஆம்பியர்-மணி என்றால், அது சுமார் 69 மணி நேரம் தாங்கும். ஏறத்தாழ மூன்று நாள்.

ஞாயிறு மாலை படகைத் துறையில் கட்டிவிட்டுச் சென்றவருக்குத் திங்களும் செவ்வாயும் எந்தக் குறையும் தெரியாது. புதன் பிற்பகல் பாட்டரி ஓய்ந்துவிடும். அதன்பின் ஒரு மணி நேரத்திற்கு அரை டன் நீர் ஏறும். பின்புறம் தாழத் தாழக் கிழிசலின் ஆழம் கூடி, நீர் புகும் விசையும் கூட முற்படும். வியாழன் காலையில் துறையில் கயிறுகள் மட்டுமே இருக்கக்கூடும். படகில் எவரும் இல்லாதபோது, அலையே இல்லாத துறையில், படகு மூழ்குவது இவ்வாறுதான்.

இரண்டு வகை அடைப்புகள்

மூன்று நூற்றாண்டு வரலாற்றை இப்போது திரும்பிப் பார்க்கலாம். அடைப்புப் பெட்டி எப்போதும் சிறிது கசிந்தது. அந்தச் சொட்டே அதன் நலத்தைக் கூறும் நாடித்துடிப்பாகவும் இருந்தது. சொட்டு கூடினால் முறுக்க வேண்டும். நின்றுவிட்டால் தளர்த்த வேண்டும். அது மெல்ல மெல்லக் கெட்டது, கெடும்போதே தெரிவித்தது. துருத்தி அவ்வாறன்று. நன்றாக இருக்கும்வரை ஒரு சொட்டும் விடாது. கெடும் நாளில் முன்னறிவிப்பு அதிகம் இன்றிக் கெடும்.

ஆகையால் பராமரிப்பின் முறையும் மாறவேண்டியதாயிற்று. முன்னதற்குக் கண்ணும் காதும் போதும்; பின்னதற்கு நாட்காட்டி வேண்டும். கசியாத துருத்தியையும் அதன் வயது கருதி மாற்ற வேண்டும். பாய்மரப் படகுகளில் பயன்படும் 'செயில் டிரைவ்' என்ற அமைப்பில், படகின் அடித்துளையை மூடும் ரப்பர்த் திரையை ஏழாண்டுக்கு ஒருமுறை மாற்றுமாறு வோல்வோ பென்டா நிறுவனம் பரிந்துரைத்திருப்பது இந்த நோக்கில்தான். பார்வைக்குப் புதிதுபோல் இருக்கும் ரப்பரைக் கழற்றி எறிவது வீண்செலவு எனத் தோன்றலாம். ஆனால் ரப்பரின் முதுமை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மூலக்கூறுகளில் தொடங்கிவிடுகிறது என்பதை அறிந்தவர் அவ்வாறு எண்ணமாட்டார்.

இவ்விரண்டு வகைகளும் நம் வாழ்வில் எங்கும் உள்ளன. கிணற்றுப் பம்பின் கிளாண்டு முதல் வகை. சமையல் எரிவாயு அடுப்பின் ரப்பர்க் குழாய் இரண்டாம் வகை. முதல் வகையை அதன் சொட்டைக் கண்டு பேணலாம். இரண்டாம் வகையின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் ஆண்டை இன்றே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.